மின்னணுவியல் படிக்கிற தம்பிக்கு: தொழில்முனைவுப் பாடம் எதற்கு உதவும், எதற்கு உதவாது

கேள்வி இதுதான்: "நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மின்னியல், மின்னணுவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். தேசிய சேவை (ஆண்களுக்கான கட்டாயப் பணி) முடித்து வந்ததால் வயது 22. தொழில்முனைவைத் துணைப்பாடமாக எடுக்க நினைக்கிறேன். 'இன்ஜினியரிங் படிக்க அனுப்பினா வியாபாரம் படிக்கிறேங்கிறான்' என்று அப்பா வருத்தப்படுகிறார். வியாபாரத்தை வகுப்பில் சொல்லித்தர முடியுமா? மதிப்பெண் கெடுமா? இப்போதே கம்பெனி பதிவு செய்ய வேண்டுமா?"

தம்பி, எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் எந்தப் பாடங்களை எடுக்கிறீர்கள், எதற்காக எடுக்கிறீர்கள் என்பதில் கவனமாக இருங்கள். நானும் இங்கே சிங்கப்பூரில் பொறியியல் படித்தவன்தான். நண்பர்களோடு ஒரு தொழில் தொடங்கி, அதை மூடி, பிறகு வேறொன்று தொடங்கி இன்றுவரை நடத்திக்கொண்டிருக்கிறேன். சில ஆண்டுகளாக மாணவர் குழுக்களுக்கு வழிகாட்டியாகவும் போய்வருகிறேன். அந்த அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன்.

பொறியியலில் நான்கு வருடமும் கேள்வி நம் கைக்கு வந்துவிடுகிறது. மின்னழுத்தம் இவ்வளவு, சுமை இவ்வளவு, மின்னோட்டம் என்ன என்று கேட்பார்கள். விடை கண்டுபிடிப்பதில் நாம் கெட்டிக்காரர்களாகிவிடுகிறோம். தொழிலில் யாரும் கேள்வித்தாள் தருவதில்லை. எந்தக் கேள்விக்கு விடை தேடினால் ஒருவர் பணம் கொடுப்பார் என்பதை நாமே போய்க் கண்டுபிடிக்க வேண்டும். தொழில்முனைவுப் பாடத்தில் சொல்லித்தரக்கூடியது, சொல்லித்தர வேண்டியது, இந்த ஒன்றைத்தான். துணிச்சலையும் சமயோசிதத்தையும் வகுப்பில் ஊட்ட முடியாது என்று உங்கள் அப்பா சொன்னால் அது சரி. ஆனால் போய்க் கேட்கிற பழக்கத்தை ஊட்ட முடியும். கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நான் வழிகாட்டிய ஒரு குழு. நான்கு மாணவர்கள். மல்லிகைப் பூ தமிழ்நாட்டிலிருந்து விமானத்தில் வருகிறது, சீக்கிரம் வாடுகிறது, ஆகவே மாலைக்கடைக் குளிர்பெட்டியில் வெப்பநிலையும் ஈரப்பதமும் பார்த்து கைப்பேசிக்குத் தகவல் அனுப்பும் கருவி செய்யலாம் என்று முடிவெடுத்தார்கள். சிம் லிம் டவரில் உதிரிபாகம் வாங்கி, 38 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) செலவில், மூன்று வாரத்தில் வேலை செய்யும் மாதிரியே செய்துவிட்டார்கள். அழகான வேலை. பெட்டியைக்கூட முப்பரிமாண அச்சில் எடுத்திருந்தார்கள். அதற்குப் பிறகுதான் மாலைக்கடைகள் இருக்கிற தேக்காவுக்குப் போனார்கள். நானும் கூடப் போனேன்.

கடையில் இருந்த அம்மா பூக் கட்டிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். கருவியைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "பெட்டிக்குள்ள பூ கெடலப்பா. வெள்ளிக்கிழமைக்கு எத்தனை கிலோ வேணும்னு ரெண்டு நாள் முன்னாடியே சொல்லணும். அதிகமாச் சொல்லிட்டா சனிக்கிழமை குப்பைக்குப் போகுது. குறைச்சுச் சொல்லிட்டா வந்த ஆளு பக்கத்துக் கடைக்குப் போயிடுறாங்க." சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரைக் காட்டினார். முகூர்த்த நாள்களில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டிருந்தது. மேசைக்கு அடியிலிருந்து நீளமான கணக்கு நோட்டு ஒன்றையும் எடுத்தார். எந்த நாள் எத்தனை கிலோ வந்தது, எவ்வளவு மிஞ்சியது என்று மூன்று வருடத்துக்குப் பென்சிலில் எழுதி வைத்திருந்தார்.

அந்த நோட்டைப் பார்த்ததும் ஒரு மாணவிக்கு முகமே மாறிவிட்டது. மூன்று வருடத் தரவு மேசைக்கு அடியில் கிடக்கிறது, நாம் புதிதாகத் தரவு சேகரிக்கக் கருவி செய்துகொண்டிருக்கிறோம் என்றாள். கருவியை ஓரமாக வைத்தார்கள். அந்த அம்மாவின் அனுமதியோடு நோட்டைக் கணினியில் ஏற்றி, வெள்ளிக்கிழமை, முகூர்த்தம், தைப்பூசம், தீபாவளி என்று பிரித்து, அடுத்த வாரத்துக்கு எவ்வளவு சொல்லலாம் என்று ஒரு சாதாரண விரிதாளில் கணக்குப் போட்டுக் கொடுத்தார்கள். அதில் மின்னணுவியல் ஒன்றுமே இல்லை. மூன்றாவது மாதம் அந்த அம்மா தானாகவே, "மாசம் எவ்வளவு தரணும்?" என்று கேட்டார். அதுவரை கேட்ட எந்தப் பாராட்டையும்விட அந்தக் கேள்விதான் அவர்களுக்கு மதிப்பாக இருந்தது.

அது கம்பெனியாக வளரவில்லை. தேக்காவில் மாலைக்கடைகளை நடந்தே எண்ணிவிடலாம். அத்தனை கடையும் வாங்கினால்கூட நான்கு பேருக்குச் சம்பளம் தேறாது. சந்தையின் அளவு என்று பாடத்தில் ஒரு தலைப்பு வரும். அதை அவர்கள் அப்படித்தான் கற்றுக்கொண்டார்கள்.

இப்படி வெளியே போய்க் கேட்பதையே பாடமாக்கியவர் அமெரிக்கத் தொழில்முனைவர் ஸ்டீவ் பிளாங்க். 2011இல் ஸ்டான்ஃபர்டில் அவர் தொடங்கிய 'லீன் லான்ச்பேட்' வகுப்பில், தொழில் திட்டம் எழுதுவதற்குப் பதிலாக ஒவ்வொரு குழுவும் வாராவாரம் வாடிக்கையாளர்களைச் சந்தித்து வந்து பேச வேண்டும். ஒரு பருவத்துக்குள் நூறு பேரையாவது பார்க்க வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளை அதே ஆண்டு அதை விஞ்ஞானிகளுக்கான பயிற்சியாக எடுத்துக்கொண்டது. பின்னர் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் அந்த முறையை இங்கே கொண்டுவந்தது. உங்கள் பல்கலைக்கழகத்தில் எந்தப் பாடம் உங்களை இப்படி வெளியே துரத்துகிறதோ அதை முதலில் எடுங்கள். பாட விவரத்தில் பெயரைப் பார்க்காதீர்கள், மதிப்பீடு எப்படி என்று பாருங்கள். ஐம்பது பக்கத் திட்ட அறிக்கைக்குத்தான் பெரும்பகுதி மதிப்பெண் என்றால் அது அறையில் உட்கார்ந்தே முடிகிற பாடம்.

கேட்பதிலும் நம் ஆட்களிடம் ஒரு சிக்கல் உண்டு. தமிழ்க் கடைக்காரர் படிக்கிற பிள்ளையின் முகத்தைப் பார்த்து "வேணாம்" என்று சொல்ல மாட்டார். "நல்லா இருக்கு தம்பி, பாக்கலாம்" என்பார். அந்தப் "பாக்கலாம்" என்றால் வேண்டாம் என்றுதான் பொருள். நான் படிப்பு முடித்த புதிதில், கட்டட நீரேற்றி பழுதானால் எச்சரிக்கும் ஒரு கருவியை நண்பர்களோடு சேர்ந்து செய்தேன். பதினான்கு மாதம் "பாக்கலாம்" கேட்டதையெல்லாம் ஆதரவு என்று எழுதி வைத்தோம். விற்றது 11. ஆகவே "இப்படி ஒன்று செய்தால் வாங்குவீர்களா?" என்று கேட்காதீர்கள். "கடைசியாக இந்தப் பிரச்சினை எப்போது வந்தது? அப்போது என்ன செய்தீர்கள்? எவ்வளவு செலவானது?" என்று கேளுங்கள். நடந்ததைச் சொல்லும்போது யாரும் உங்கள் மனம் கோணாமல் இருப்பதற்காகப் பேசுவதில்லை.

இன்னொன்று. உங்கள் வகுப்பில் பலருக்கு இல்லாத ஒரு கதவு உங்களுக்குத் திறந்திருக்கிறது. கட்டுமானத் தளத்திலும் கப்பல் பட்டறையிலும் வேலை செய்கிற தமிழ்நாட்டு அண்ணன்களிடம் நீங்கள் நேராகத் தமிழில் பேசலாம். எந்த இயந்திரம் எப்போது நிற்கிறது, எந்தப் பாதுகாப்புக் கருவியை ஏன் கழற்றி வைக்கிறார்கள் என்பது மேலாளரின் அறிக்கையில் வராது. அவர்களிடம் கேட்டால் ஒரு தேநீர் நேரத்தில் தெரிந்துவிடும். அந்த விவரம் உங்களிடம் மட்டும் இருக்கும். மரியாதையாகக் கேளுங்கள். அவர்கள் பெயரோ தளத்தின் பெயரோ வெளியே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதனால் பொறியியல் தேவையில்லை என்று நினைத்துவிடாதீர்கள். கணினிக்கு ஒலி அட்டை செய்த சிங்கப்பூர் நிறுவனம் கிரியேட்டிவ் டெக்னாலஜியின் கதையைச் சொல்கிறேன். அதை நிறுவிய சிம் வோங் ஹூ, நீ ஆன் பலதுறைத் தொழிற்கல்லூரியில் படித்தவர். 1981இல் பேர்ல்ஸ் சென்டரில் கணினி பழுதுபார்க்கும் சிறிய கடையாகத் தொடங்கினார். சீன மொழி பேசும் கணினி ஒன்று செய்தார், அது விற்கவில்லை. 1987இல் கணினிக்குள் செருகும் இசை அட்டை ஒன்றைக் கொண்டுவந்தார், அதுவும் பெரிதாகப் போகவில்லை. கனடாவின் ஆட்லிப் அட்டைதான் அப்போது சந்தையைப் பிடித்திருந்தது, விளையாட்டு எழுதுகிறவர்கள் எல்லாம் அதற்கே எழுதினார்கள். 1989இல் வந்த அவருடைய சவுண்ட் பிளாஸ்டர் அட்டை என்ன செய்தது தெரியுமா? ஆட்லிப்பில் இருந்த அதே யமாஹா சில்லைப் போட்டு, ஏற்கெனவே எழுதப்பட்ட விளையாட்டுகள் மாற்றமில்லாமல் ஓட வழிசெய்தது. அதோடு பதிவு செய்த குரலையும் வெடிச் சத்தத்தையும் ஒலிக்க வைத்தது. ஜாய்ஸ்டிக் செருகும் வாயையும் அதே அட்டையில் சேர்த்தது. அதுவரை பல கணினிகளில் ஜாய்ஸ்டிக்குக்குத் தனி அட்டை போட வேண்டும், அது ஓர் இடத்தை அடைத்துக்கொள்ளும். வாங்குகிறவரின் கணினியைத் திறந்து உள்ளே பார்த்தவருக்குத்தான் அந்த யோசனை வரும். அதைச் சுற்றாக வரைந்து, விலைக்குள் அடக்கத் தெரிந்தவரால்தான் செய்ய முடியும். 1992இல் அமெரிக்கப் பங்குச் சந்தையான நாஸ்டாக்கில் பட்டியலிடப்பட்ட முதல் சிங்கப்பூர் நிறுவனம் அது. உங்கள் ஒப்புமைச் சுற்றுகள், சமிக்ஞைப் பாடங்களைக் குறைத்துவிடாதீர்கள். துணைப்பாடம் துணையாகவே இருக்கட்டும்.

வகுப்பைவிட அதிகம் கற்றுத்தருவது சிறிய நிறுவனத்தில் வேலை பார்ப்பது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் 2000களின் தொடக்கத்தில் தொடங்கிய வெளிநாட்டுக் கல்லூரித் திட்டம் இதைத்தான் செய்கிறது. மாணவர்கள் சிலிக்கான் பள்ளத்தாக்கு, ஸ்டாக்ஹோம் போன்ற இடங்களில் தொடக்க நிறுவனங்களில் மாதக்கணக்கில் வேலை பார்த்துக்கொண்டே பாடமும் படிப்பார்கள். பழைய பொருள்களை வாங்கி விற்க உதவும் கேரசல் செயலியை 2012இல் தொடங்கிய மூவரும் அதில் சிலிக்கான் பள்ளத்தாக்குக்குப் போய்வந்தவர்கள். எனக்குப் பிடித்த உதாரணம் பேட்ஸ்னாப். அதைத் தொடங்கிய ஜெஃப்ரி தியோங் உயிர்மருத்துவப் பொறியியல் மாணவர். அமெரிக்காவில் ஒரு மருத்துவக் கருவி நிறுவனத்தில் பயிற்சியில் இருந்தபோது காப்புரிமைகளைத் தேடிப் படிக்கும் வேலை அவருக்கு வந்தது. அது எவ்வளவு சிரமம் என்று பட்டுத் தெரிந்துகொண்டவர், 2007இல் அதற்கென்றே நிறுவனம் தொடங்கினார். வகுப்பறையில் உட்கார்ந்திருந்தால் அந்தப் பிரச்சினை அவர் கண்ணில் பட்டிருக்காது. உங்கள் பல்கலைக்கழகத்திலும் வெளிநாட்டுத் தொழில்முனைவுப் பயிற்சித் திட்டம் உண்டு. இடம் கிடைக்காவிட்டால் ஆயர் ராஜா கிரசெண்டுக்குப் போங்கள். இடிக்க இருந்த பழைய தொழிற்சாலைக் கட்டடம் ஒன்றை 2011இல் தொடக்க நிறுவனங்களுக்காக மாற்றி 'பிளாக் 71' என்று பெயரிட்டார்கள். இன்று அந்த வட்டாரம் முழுக்கச் சிறு நிறுவனங்கள்தான். ஐந்தாறு பேர் வேலை செய்கிற இடத்தில் விடுமுறைப் பயிற்சி கேளுங்கள். பெரிய நிறுவனத்தில் உங்களுக்கு ஒரு மூலை கிடைக்கும். இங்கே விற்பனைக்குப் போகிறவரோடு நீங்களும் போவீர்கள், பணம் வராத மாதம் முதலாளி முகம் எப்படி இருக்கும் என்றும் பார்ப்பீர்கள்.

பணக் கணக்கைக் கட்டாயம் படியுங்கள். கணக்கியல் அடிப்படைப் பாடம் சலிப்பாக இருந்தாலும் விடாதீர்கள். ஒரு கருவி செய்ய 40 வெள்ளி, விற்கும் விலை 90, நூறு விற்றால் 5,000 வெள்ளி லாபம் என்று தாளில் வரும். ஆனால் உதிரிபாகத்துக்கு 4,000 வெள்ளியை இன்றே கட்டுகிறீர்கள். வாங்கிய நிறுவனம் 60 நாள் கழித்துத் தருகிறது. அந்த இரண்டு மாதத்தில் அடுத்த நூறுக்கு ஆர்டர் வந்தால் மேலும் 4,000 வேண்டும். லாபத்தில் ஓடுகிற தொழில் கையில் காசில்லாமல் நின்றுபோவது இப்படித்தான். மின்னணுக் கருவியில் வேறு செலவுகளும் ஒளிந்திருக்கும். மின்மாற்றி அடாப்டரோடு விற்றால் அந்த அடாப்டருக்குப் பாதுகாப்பு முத்திரை வேண்டும். கம்பியில்லா அலைவரிசை பயன்படுத்தினால் தகவல்தொடர்பு, ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் விதிகளைப் பார்க்க வேண்டும். பிளாஸ்டிக் பெட்டிக்கு அச்சு வெட்டினால் அதற்கே பல ஆயிரம் போகும். 38 வெள்ளி மாதிரியைக் கையில் வைத்துக்கொண்டு விலை சொன்னால் அடிபடுவீர்கள்.

கம்பெனி பதிவைப் பற்றிக் கேட்டீர்கள். இப்போது வேண்டாம். சிங்கப்பூரில் தனியார் நிறுவனம் பதிவு செய்வது எளிது. கட்டணம் 315 வெள்ளி, மூலதனம் ஒரு வெள்ளியே போதும், இயக்குநருக்கு 18 வயது ஆகியிருந்தால் சரி. எளிது என்பதாலேயே பலர் ஆர்வத்தில் பதிவு செய்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு ஆறு மாதத்துக்குள் நிறுவனச் செயலாளரை நியமிக்க வேண்டும், ஆண்டறிக்கை தாக்கல் செய்ய வேண்டும், வரிப் படிவம் நிரப்ப வேண்டும். வியாபாரம் நடக்காவிட்டாலும் இவை நிற்காது. "எவ்வளவு தரணும்?" என்று ஒருவர் கேட்கும்வரை பொறுங்கள்.

அரசாங்க மானியத்தையும் அப்படியே பாருங்கள். தொழில் வளர்ச்சிக்கான அரசு அமைப்பான என்டர்பிரைஸ் சிங்கப்பூரின் 'ஸ்டார்ட்அப் எஸ்ஜி ஃபவுண்டர்' திட்டத்தை 2020இல் மாற்றியமைத்தபோது, முதன்முறை தொழில் தொடங்குகிறவர் 10,000 வெள்ளி போட்டால் 50,000 வெள்ளி வரை மானியம் என்று உயர்த்தினார்கள். அங்கீகரிக்கப்பட்ட வழிகாட்டி நிறுவனம் ஒன்றின் மூலமாக விண்ணப்பிக்க வேண்டும். விதிமுறைகள் மாறும், விண்ணப்பிக்கும் நாளில் அவர்கள் தளத்தில் பாருங்கள். நல்ல உதவிதான். ஆனால் மானியத்துக்காகப் பிரச்சினையைத் தேடுகிற குழுக்கள் பணம் தீர்ந்த அன்றே கலைவதைப் பார்த்து எனக்கு மனம் நொந்திருக்கிறது.

நண்பர்களோடு சேர்ந்து செய்வதாக இருந்தால் பங்கை எழுத்தில் வையுங்கள். எங்கள் முதல் நிறுவனத்தில் மூவரும் சமபங்கு, வாய்ப்பேச்சோடு சரி. எட்டாவது மாதம் ஒருவருக்கு நல்ல வேலை கிடைத்துப் போய்விட்டார். அவர் மேல் தப்பில்லை, வீட்டுச் சூழ்நிலை அப்படி. ஆனால் மூன்றில் ஒரு பங்கு அவரிடமே இருந்தது. முதலீடு செய்ய வந்தவர் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். நான்கு ஆண்டில் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கு சேரட்டும், முதல் ஓராண்டு முடியும்முன் விலகினால் ஒன்றும் கிடையாது என்று எழுதுவது உலகெங்கும் இருக்கும் வழக்கம். நட்பாக இருக்கும்போதே எழுதிவிட்டால் நட்பும் தப்பும்.

இறுதியாண்டுத் திட்டப்பணியை உங்கள் தொழில் யோசனையோடு இணைக்கத் தோன்றும். இணைக்கலாம். ஆனால் பேராசிரியரின் ஆய்வு நிதியிலோ ஆய்வகக் கருவியிலோ செய்ததன் உரிமை யாருக்கு என்பதைத் தொடங்கும் முன்பே மின்னஞ்சலில் கேட்டுப் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். காப்புரிமை எடுக்கும் எண்ணம் இருந்தால், விண்ணப்பிக்கும் முன் கண்காட்சியிலோ இணையத்திலோ விவரத்தைக் காட்டாதீர்கள். வெளியே தெரிந்துவிட்டால் பல நாடுகளில் புதுமை என்ற தகுதியே போய்விடும்.

தமிழ்நாட்டிலிருந்து வந்து படிக்கிற பிள்ளைகளும் இதைப் படிப்பார்கள் என்பதால் ஒரு வார்த்தை. கல்விக் கட்டண மானியம் வாங்கியிருந்தால் படிப்பு முடிந்ததும் மூன்று ஆண்டுகள் சிங்கப்பூர் நிறுவனத்தில் வேலை பார்க்கும் ஒப்பந்தம் உங்களைக் கட்டும். மாணவர் அனுமதிச் சீட்டிலும் வேலைக்கு வரம்பு உண்டு. சொந்தத் தொழிலுக்குப் பெயர் கொடுக்கும் முன் பல்கலைக்கழக அலுவலகத்தில் எழுத்துமூலம் கேளுங்கள்.

மதிப்பெண் விஷயம்: வெளியே அலைகிற பாடம் நேரத்தை விழுங்கும், உண்மை. கடினமான முதன்மைப் பாடங்கள் இருக்கிற பருவத்தில் இதை வைக்காதீர்கள். ஒரு பருவத்துக்கு ஒன்று போதும். குழு வேலை என்பதால் யாரோடு சேர்கிறீர்கள் என்பதுதான் மதிப்பெண்ணைத் தீர்மானிக்கும். வேறு துறை மாணவர் ஒருவராவது குழுவில் இருக்கட்டும். நான்கு மின்னணுவியல் மாணவர்கள் சேர்ந்தால் முதல் நாளே சால்டரிங் தொடங்கிவிடுவார்கள்.

அப்பாவிடம் என்ன சொல்வது? தேசிய சேவை முடித்து வந்த பிள்ளை பட்டம் வாங்கும்போது 24, 25 ஆகிவிடும். எப்போது சம்பாதிக்கத் தொடங்குவான் என்ற கவலை அவருக்கு இருப்பது நியாயம். அதை வாதாடி மாற்ற முடியாது. பட்டம் மின்னணுவியலில்தான், வேலைக்குப் போகிற வழி எதுவும் அடைபடாது, கம்பெனி இப்போது தொடங்கவில்லை என்று இந்த மூன்றையும் தெளிவாகச் சொல்லுங்கள். வாடிக்கையாளரிடம் பேசத் தெரிந்த பொறியாளரை வேலைக்கு எடுக்கிறவர்களும் தேடுகிறார்கள். நானே தேடிக்கொண்டிருக்கிறேன். பிறகு அவரிடம் ஒரு உதவி கேளுங்கள்: அவர் வேலை பார்க்கும் இடத்தில் தினமும் எரிச்சல் தருகிற விஷயம் எது, கடைசியாக எப்போது நடந்தது, அன்றைக்கு என்ன செய்தார் என்று. நீங்கள் சந்திக்கப்போகிற நூறு பேரில் அவர் முதல் ஆளாக இருக்கட்டும். நோட்டுப் புத்தகத்தை எடுத்து அவர் முன்னாலேயே எழுதுங்கள்.